சைவக் கூடத்தில் வைத்த தட்டு

சென்ற மாதம் இரண்டு பெண்கள் கேமராவும் கையுமாக என் வீட்டுக்கு வந்தார்கள். முதியவர்கள், உடம்பு முடியாதவர்கள், கைவிடப்பட்டவர்கள் என்று வயது வந்தவர்களைப் பராமரிக்கும் துறையில் மூத்த பணியாளராக உயர்வதற்கு இப்போது புதிதாக ஒரு படிப்பு வந்திருக்கிறதாம். அதில் காட்டுவதற்கு என்னைப் பேசவைத்துப் படம்பிடிக்க வேண்டுமாம். "உங்க காலத்து ட்ரெயினிங் பத்தி பாசிட்டிவா ஒண்ணு சொல்லுங்க ஆண்ட்டி, ரெண்டு நிமிஷம் போதும்" என்றாள் ஒருத்தி. நான் நனிபாலா என்ற ஒருத்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே இரண்டு பேர் முகமும் சுண்டிவிட்டது. "இது கொஞ்சம் நெகட்டிவா இருக்கே ஆண்ட்டி" என்று கேமராவை மூடிக்கொண்டு, லேக் கார்டன்ஸில் வேறு யாரோ ரிட்டயர்டு மேடம் இருக்கிறார்களாமே என்று வழி கேட்டுக்கொண்டு போய்விட்டார்கள். மகராசிகளாகப் போகட்டும். அவர்கள் கேட்காமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் கல்கத்தா. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அப்பா ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார், வீடு லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். சுத்த சைவக் குடும்பம். மார்க்கெட்டில் மீன் கடை வரிசை வந்தால் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கடப்பாள். சமூகப்பணி படித்து முடித்ததும் பாலிகஞ்சில் ஒரு பெண்கள் இல்லத்தில் கேஸ் ஒர்க்கராகச் சேர்ந்தேன், அதாவது அங்கே குடியிருப்பவர்களில் சிலரின் நல்லது கெட்டது என் பொறுப்பு. சிவகாமி என்ற என் பெயர் அங்கே நுழைந்த அன்றே ஷிபு ஆகிவிட்டது. சில வருடம் கழித்து, எழுபதுகளின் பிற்பாதியில், சீனியர் கேஸ் ஒர்க்கர் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். பகலெல்லாம் இல்லத்தில் வேலை, வாரத்தில் சில மாலைகள் வகுப்பு. வகுப்பில் படித்தது பாதி நினைவில்லை. மின்சாரம் போய்ப் போய் வந்ததும், புழுக்கத்தில் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டதும்தான் நினைவிருக்கிறது.

எனக்குப் பயிற்சி கொடுத்தவர் இல்லத்தின் சூப்பரின்டெண்டென்ட் மிஸஸ் லாஹிரி. எல்லோரும் அவரைப் 'படதி' என்போம், பெரியக்கா என்று அர்த்தம். லண்டனில் படித்தவர். ஒரு நாளும் குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் நிதானமாகத் துடைப்பார், அவ்வளவுதான். அந்தத் துடைப்பைப் பார்த்ததும் எங்களுக்கு நாக்கு உள்ளே போய்விடும். வகுப்பில் அவர் பேசக் கேட்க வேண்டும்! "நம்மிடம் வருகிறவர் வளர்ந்த மனிதர். அவர் வாழ்க்கையை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். நாம் துணை மட்டும்தான்." எனக்குப் புல்லரிக்கும். அதே படதி இல்லத்துக்குள் வந்ததும் அறுபது வயதுக் கிழவிகளை "என் பெண்கள்" என்பார். எந்த அறைக்குள்ளும் நுழையமாட்டார், நிலைப்படியில் நின்றபடியே, "சமத்தா இருக்கியா? மருந்து குடிச்சியா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அடுத்த நிலைப்படிக்குப் போய்விடுவார்.

எங்கள் இல்லத்தில் ஒரு பெண்ணைச் சேர்க்கும் முறையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அத்தனை அநியாயமும் அங்கேதான் தொடங்கியது. வந்தவளை வராந்தா பெஞ்சில் உட்காரவைப்போம். ஆயா பேன் பார்ப்பாள். நர்ஸ் பல், நகம், தோல் எல்லாம் பார்ப்பாள். அப்புறம் வகிட்டைப் பார்ப்பாள், மணிக்கட்டைப் பார்ப்பாள். வகிட்டில் குங்குமமும் கையில் சங்கு வளையலும் இருந்தால் சுமங்கலி. கீழ்க் கூடத்தில் சாப்பாடு, மீன் உண்டு. இரண்டும் இல்லாமல், கூட வந்தவரும் ஆமாம் என்று தலையாட்டினால் விதவை. மாடிக் கூடம். மீன் கிடையாது, வெங்காயம் பூண்டு கிடையாது, மசூர் பருப்புகூடக் கிடையாது. ஏகாதசிக்குப் பட்டினி, உடுக்கக் கரையில்லாத வெள்ளைப் புடவை. பல்லைப் பார்ப்பதற்காக வாயைத் திறக்கச் சொல்வார்களே தவிர, அந்த வாயிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

நனிபாலா வந்தது ஒரு மழைக்காலத்தில். ஐம்பது வயதிருக்கும். டிராமிலிருந்து இறங்கும்போது விழுந்து மண்டையில் அடி, கையில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் தையல் போடுவதற்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள், வகிடும் போச்சு, குங்குமமும் போச்சு. ஒரு கைச் சங்கு வளையல் விழுந்த வேகத்தில் உடைந்துபோச்சு, முறிந்த கை வீங்கிவிட்டதால் அந்தக் கைச் சங்கையும் உடைத்து எடுத்துவிட்டு மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். வங்காளத்தில் புருஷன் செத்த அன்றுதான் ஒருத்தியின் சங்கை உடைப்பார்கள். கூட வந்தவன் அவள் கொழுந்தன். "அண்ணன் போய் எத்தனையோ வருஷமாச்சு. பாவம், இவங்களைப் பார்க்க ஆள் இல்லை" என்றான். நர்ஸ் தலையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். மாடிக் கூடம் என்று முடிந்துவிட்டது.

மாடிக் கூடத்தில் சாப்பாட்டுத் தட்டு வைத்த அன்றிலிருந்து நனிபாலா சாப்பிடவில்லை. தட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒரு பழைய சிவப்புத் துண்டிலிருந்து நூல் இழுத்துக் கட்டுப் போடாத மணிக்கட்டில் கட்டிக்கொள்வாள், ஆயா அவிழ்த்து எறிவாள், மறுநாள் திரும்பக் கட்டுவாள். நர்ஸ் இதை "கையில் துணி கட்டும் பழக்கம், உணவு மறுப்பு" என்று படதியிடம் சொன்னாள். படதி நிலைப்படியில் நின்று, "சாப்பிடணும் நனிபாலா, நல்ல பெண் இல்லையா நீ?" என்றார். நனிபாலா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். படதி போய்விட்டார்.

அவள் கேஸ் என் பொறுப்பு. நான் ஒன்றைக் கவனித்தேன். மாலை டீயோடு எல்லோருக்கும் பொரி கொடுப்பார்கள், மேலே கீழே என்ற பேதம் அதில் கிடையாது. நனிபாலா அந்தப் பொரியை ஒன்று விடாமல் சாப்பிடுவாள், பக்கத்தில் இருப்பவள் மிச்சம் வைத்தால் அதையும் வாங்கிக்கொள்வாள். பசியில்லாதவளா இவள்? ஒரு நாள் டீ வேளையில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டேன்.

"சோறு ஏன் வேண்டாம்கறீங்க?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீதான் முதல்ல கேக்கறே" என்றாள். அப்புறம் கொட்டினாள். எழுபத்தொன்றில், பங்களாதேஷ் போர் நடந்த வருஷம், அவள் புருஷன் எல்லைக்கு அந்தப் பக்கம் குல்னாவில் மாட்டிக்கொண்ட தாயை அழைத்து வரப் போனார். திரும்பவில்லை. சேதியும் இல்லை. "வரலைன்னா செத்துட்டார்னு அர்த்தமா? யாராவது பார்த்தாங்களா? கொள்ளி வெச்சது யாரு? என் கொழுந்தனுக்கு நாங்க இருந்த அறை வேணும், அதுக்கு அவர் செத்தாத்தான் வசதி. நான் இத்தனை வருஷமா ஏகாதசி அன்னிக்குக்கூட ஒரு துண்டு மீன் வாயில வெக்காம இருந்ததில்லை, அவர் நல்லா இருக்கணும்னு. சுமங்கலி மீன் தின்னாத்தான் புருஷனுக்கு ஆயுசு, இந்த நூலும் சங்குக்குப் பதிலாத்தான். உங்க மாடிச் சோத்தை ஒரு கவளம் தின்னேன்னா, அவர் செத்துட்டார்னு என் வாயாலேயே ஒத்துக்கிட்ட மாதிரி. என் கையால நான் அவரைச் சாகடிக்கமாட்டேன் ஷிபு."

 இவளுக்கா உணவு மறுப்பு நோய்? மூன்று வேளையும் தட்டில் வைத்துப் புருஷன் சாவை நீட்டிக்கொண்டிருந்தது நாங்கள்!

வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முதலில், "ஏட்டி, மீன் வாடையே ஆகாத வீட்டுல பொறந்துட்டு மீனுக்கா வக்காலத்து வாங்குத?" என்றாள். முழுக்கச் சொல்லி முடித்ததும் அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு, "தாலியக் கழத்தி வச்சுட்டுச் சாப்பிடுன்னா எவட்டி சாப்பிடுவா? அந்தப் பெரிய மனுசிக்கு இது தெரியாமலா இருக்கு? நாளைக்கே போய்ச் சொல்லு" என்றாள். மீனின் பெயரைச் சொல்லவே கூசுகிற என் அம்மாவுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்தது.

படதிக்குப் புரியவில்லை. இல்லை, அப்படிச் சொல்லக்கூடாது, வேறு மாதிரிப் புரிந்தது. "இதுக்குப் பேர் மறுதலிப்பு, ஷிபு. இழப்பை மனசு ஏத்துக்க மறுக்குது. அவ சொல்றதை நீ ஆமோதிச்சா நோய்தான் முத்தும்." கேஸ் கான்ஃபரன்ஸ் கூட்டுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். பயிற்சியில் இருப்பவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருந்தது.

அந்தக் கான்ஃபரன்ஸை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. படதியின் அறையில் நீள மேஜை. படதி, நர்ஸ், இல்லத்தின் நிர்வாகக் கமிட்டியிலிருந்து ஒரு வக்கீல், நான். அத்தோடு அந்தக் கொழுந்தன்! அவனுக்கு டீயும் சந்தேஷும். நனிபாலா வெளியே வராந்தா பெஞ்சில். குடியிருப்பவரைக் கூட்டத்துக்குள் அழைக்கும் வழக்கம் இல்லையாம், அவர்கள் சங்கடப்படுவார்களாம். யார் சோறு, யார் புருஷன், யார் வாழ்க்கை என்று பேசுகிறோமோ அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு நாங்கள் ஐந்து பேரும் இனிப்புத் தின்றபடி தீர்மானிக்கிறோம். நல்லா இருக்கு நியாயம்!

கொழுந்தன் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான், "எங்க குடும்பத்துல ஆசாரம் முக்கியம். விதவை மீன் தின்னான்னா வெளியில நாங்க தலைகாட்ட முடியாது."

"உங்க அண்ணன் செத்ததுக்கு என்ன சாட்சி?" என்றேன்.

"இத்தனை வருஷம் வராதவன் இனிமேலா வருவான்?"

"அது சாட்சியா? படதி, அவங்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாமே. வெளியேதானே உட்கார்ந்திருக்காங்க."

படதி கண்ணாடியைக் கழற்றினார். "மனசு சரியில்லாதவளைக் கூப்பிட்டு, உனக்கு மனசு சரியில்லையான்னு கேட்பாங்களா ஷிபு?" பிறகு வக்கீல் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பாருங்க, எங்க மதராஸிப் பெண், வெங்காயத்தைப் பார்த்தாலே யோசிப்பா. மீனுக்காகச் சண்டை போடறா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சாப்பிடப் போறது நான் இல்லையே. அவங்க கேட்டது உங்க ஊர் மீனை. அதை உங்ககிட்ட நான் வந்து சொல்ல வேண்டியிருக்கு" என்றேன். அதற்குள் மின்சாரம் போய் விசிறி நின்றது. புழுக்கத்தில் எல்லோருக்கும் எழுந்து போகும் அவசரம். கூட்டம் அப்படியே கலைந்தது.

எல்லோரும் போனபின் படதி என்னை நிறுத்தினார். அப்போதுதான் உண்மை வந்தது. "இன்னிக்கு இவளுக்கு மீன் கொடுத்தா, நாளைக்கு மாடிக் கூடம் முழுக்கக் கேட்கும். நன்கொடை தர்ற குடும்பங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" இதற்குப் பெயர் லண்டன் படிப்பு. அவர்கள் மீன் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, அவர்களிடம் எதையுமே கேட்காத ஒரு இல்லத்தை இத்தனை வருடம் நடத்தியிருக்கிறார். வகுப்பில் எங்களைப் புல்லரிக்க வைத்ததும் இதே வாய்தான்.

அடுத்த வாரம் எனக்கு முழுநாள் வகுப்பு என்று அனுப்பினார். திரும்பி வந்து பார்த்தால் மாடியில் நனிபாலாவின் கட்டில் காலி. மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாளாம், இரண்டு ஆயாக்கள் சேர்ந்து பிரித்தார்களாம். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டதையும் நோயின் அறிகுறி என்று நர்ஸ் எனக்கு விளக்கினாள். நான் அவளிடம் என்ன பேசினேன் என்று எழுதினால் அச்சில் ஏறாது.

மருத்துவமனை நகரத்தின் அந்தக் கோடியில். உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைக்கவே மூன்று வாரம் ஆனது, பஸ் மாறி மாறிப் போனேன். இரும்புக் கதவு, உள்ளே ஃபினாயிலும் மூத்திரமும் கலந்த வீச்சம், ஒட்ட வெட்டிய தலைகளோடு பெண்கள் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி என் புடவையைப் பிடித்து இழுத்து யாரையோ கேட்டு அழுதாள். ஐயோ, இந்த இடத்தில் போட்டுவிட்டோமே! நனிபாலாவைத் தேடினேன்.

அவள் அலுமினியத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சோறும் மீன் குழம்பும். முள்ளையெல்லாம் எடுத்துத் தட்டின் ஓரத்தில் ஒழுங்காக வைத்திருந்தாள். முகத்தில் சதை பிடித்திருந்தது.

"வா ஷிபு, உட்காரு" என்றாள், வீட்டுக்கு விருந்தாளி வந்தமாதிரி. "இங்க ஒருத்தரும் என் வகிட்டைப் பார்க்கலை. எல்லாரும் பைத்தியம், அதனால எல்லாருக்கும் மீன்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க நாத்தம் தாங்கலை. ராத்திரி கத்தறாங்க. ஆனா அந்த மாடிக்குத் திரும்பி அனுப்பிடாதே. இங்க யாரும் என் புருஷனைச் சாகடிக்கலை."

டாக்டர் சின்ன வயசுக்காரர், வாரக்கணக்கில் தூங்காதவர் போலிருந்தார். "இந்தம்மாவுக்கு ஒண்ணுமே இல்லையே. எதுக்கு அனுப்பினீங்க? எனக்கு இருக்கிற கட்டில் பத்தலை" என்று என் மேல் பாய்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் சிகரெட்டை அணைத்துவிட்டுக் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார், வங்காள மொழியில். "நான் என்ன செய்ய? ஆரோக்கியமா இருக்கறவங்களை நான் வெச்சுக்க முடியாது."

"உங்க கையால ஒரு வரி எழுதிக் கொடுங்க. அவங்க சொன்னா யாரும் கேக்கலை, நான் சொன்னாலும் கேக்கலை. டாக்டர் எழுதினா கேப்பாங்க."

அவர் டிஸ்சார்ஜ் சீட்டை இழுத்து, தினமும் சோறும் மீனும் தர வேண்டும், சங்கு வளையல் அணிவது அவசியம், இவற்றை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும் என்று எழுதினார். "எந்த நோய்னு கேட்டா என்கிட்ட அனுப்புங்க" என்றார்.

திரும்பும் வழியில் காளிகாட்டில் இறங்கி அவளைச் சங்கு வளையல் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் ஒட்ட வெட்டிய தலையையும் வெள்ளைப் புடவையையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கட்டுப் பிரித்த கையை மெதுவாக அமுக்கி, எண்ணெய் தடவி, வளையலை நோகாமல் ஏற்றினார். "கர்த்தா நல்லா இருக்கட்டும்மா" என்று வழக்கப்படி அவள் புருஷனை வாழ்த்தினார். நனிபாலா நடைபாதையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும்தான்.

படதி டாக்டர் சீட்டை ஒரு தடவை படித்தார். "டாக்டர் சொன்னா சரி, உடனே செய்துடலாம்" என்று அன்று மத்தியானமே அவளைக் கீழ்க் கூடத்தில் உட்காரவைத்தார். ஒரு வளர்ந்த பெண் பட்டினி கிடந்து சொல்லியும் நகராத தட்டு, ஒரு ஆண் டாக்டர் கிறுக்கியதும் மாடியிலிருந்து கீழே நகர்ந்தது. கொழுந்தன் வந்து கத்தினான், சீட்டைக் காட்டினார்கள், அடங்கிவிட்டான். "பார்த்தியா ஷிபு, சிகிச்சை வேலை செய்திருக்கு" என்றார் படதி, துளிக்கூடக் கூச்சமில்லாமல். என் பயிற்சி அறிக்கையில் மட்டும் உணர்ச்சிவசப்படுகிறவள், நடுநிலை போதாது என்று எழுதி, இன்னொரு வருஷம் பயிற்சியை நீட்டித்தார். என்னோடு சேர்ந்தவர்கள் சீனியர் ஆனார்கள். நான் குடியிருப்பவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வரும் பயிற்சி ஊழியர் வேலையிலேயே கிடந்தேன். அவமானமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்படி இருக்கையில் ஒரு நாள், கீழே மீன் பொரிக்கும் வாசனை வந்துகொண்டிருந்தபோது, மாடிப்படியில் ஹேமலதா மாசிமா என்னை நிறுத்தினார். மாடிக் கூடத்திலேயே மூத்தவர், அதனால் எங்களுக்கெல்லாம் மாசிமா, பெரியம்மா என்ற அர்த்தத்தில். எந்நேரமும் கையில் ஜபமாலை, ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. படதி எல்லோருக்கும் உதாரணமாகக் காட்டுவது இவரைத்தான்.

"ஷிபு, நனிபாலாவைப் பார்த்தாரே அந்தப் பைத்தியக்கார டாக்டர், அவர்கிட்ட என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போறியாம்மா?"

"உங்களுக்கு என்ன செய்யுது மாசிமா?"

அவர் மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டார். "ஒண்ணும் செய்யலை. பைத்தியம்னு எழுதிக் கொடுத்தா மீன் தருவாங்கதானே? எனக்குப் பதினோரு வயசுல நிறுத்திட்டாங்க. அவர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவரை அழைத்துப் போனேன்.